தாத்தா ஏன் சைலன்ட் மோடுல இருக்கார்?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்புறீங்களா பாஸ்? இந்த வாட்டி ஒரு சின்ன அசைன்மென்ட். வீட்டுல தாத்தா, பாட்டியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பேப்பரை வரி விடாம படிச்சு அரசியல் பேசின தாத்தா, இப்ப அதைப் பிரிக்கிறதே இல்லையா? சீரியல்கூட வேணாம்னு பாட்டி சுவரைப் பார்த்துப் படுத்துடுறாங்களா? ‘ஏன்?’னு கேட்டா, ‘வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்!’னு பதில் வரும்.

அப்படித்தான் இல்லைங்க! டிப்ரஷன்ங்கிறது முதுமையோட சேர்ந்து வர்ற இலவச இணைப்பு கிடையாது. அது ஒரு நோய். சில சமயம் அதுக்குப் பின்னால ஹார்மோனும் ஒளிஞ்சிருக்கும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல நெகட்டிவ் ஃபீட்பேக் படிச்சோமே, அதேதான் இங்கேயும். தைராய்டு சுரப்பி சோம்பேறி ஆனா, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி ‘வேலை செய்டா’னு டி.எஸ்.ஹெச். அளவை ஏத்தும். ரத்தப் பரிசோதனையில அது மாட்டிக்கும். சோர்வு, மறதி, எதிலயும் ஆர்வம் இல்லாம இருக்கிறது... தைராய்டு குறைஞ்சாலும் இதெல்லாம் வரும், டிப்ரஷன்லயும் வரும். 1949-லயே ரிச்சர்ட் ஆஷர்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர், தைராய்டு குறைவால மனநிலை தடம் புரண்ட 14 பேரைப் பத்தி எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அதுல பலர் தேறிட்டாங்க!

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன். ஆஸ்திரேலியாவோட பெர்த் நகரத்துல 71 முதல் 89 வயசு வரையான 3,987 ஆண்களை ஆராய்ஞ்சு 2008-ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. அந்த ஹார்மோன் ரொம்பக் குறைவா இருந்தவங்ககிட்ட டிப்ரஷன் அதிகமா இருந்துச்சு.

‘அப்போ ஹார்மோன் மாத்திரை போட்டா மேட்டர் ஓவர்தானே?’னு அவசரப்படாதீங்க. எது முதல்ல வந்துச்சு, குறைஞ்ச ஹார்மோனா, டிப்ரஷனாங்கிறது கோழி, முட்டை கதை. தைராய்டு லேசா குறைஞ்சிருந்த, 65 வயசு தாண்டின 737 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2017-ல வெளியானப்போ, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சோர்வுல வித்தியாசமே இல்லை. தைராய்டு மாத்திரை ஓவர் டோஸ் ஆனா இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அதனால பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட மாத்திரையைக் கடன் வாங்குறது ஸ்ட்ரிக்ட்லி நோ!

பின்னே என்னதான் பண்றது? ரெண்டு வாரத்துக்கு மேல அந்த மௌனம் நீடிச்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கையில எடுத்துக்கங்க. ‘தைராய்டு டெஸ்ட் எடுக்கணுமா?’னு கேளுங்க. ரிசல்ட் நார்மல்னா ‘சும்மா நடிக்கிறார்’னு அர்த்தம் இல்லை. துணையை இழந்த துக்கம், தனிமை, மத்த நோய்கள்னு காரணம் வேற இருக்கலாம். அதுக்கும் சிகிச்சை இருக்கு. ‘செத்துட்டா தேவலை’ங்கிற பேச்சு வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. டெலி மானஸ் நம்பர் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

நமக்கு ஒரு அரியர் விழுந்து மூஞ்சி தொங்கினாலே ‘என்னடா கண்ணு?’னு கேக்குறவங்க அவங்க. இப்ப அந்தக் கேள்வியைக் கேக்குறது நம்ம டர்ன்!