சர்க்கரையும் புற்றுநோயும்

“சர்க்கரையை நிறுத்துங்கள், புற்று பட்டினி கிடந்து தானே சாகும்!” இந்த உபதேசம் இன்று நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உலவுகிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், நோயாளியின்மேல் அன்புடையவர்களே. ஆனால் அந்த அன்பே நோயாளியின் இலையிலிருந்து சோற்றையும் எடுத்துவிடுகிறது. உயிர்வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைப்பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வுபதேசம் முழுப் பொய் அன்று, பாதி உண்மை. அதனால்தான் அதற்கு வலிமை அதிகம். அந்தப் பாதி உண்மையைக் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க். 1920-களில் பெர்லினில் ஆராய்ந்த அவர், புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக விழுங்குவதைக் கண்டார். உயிர்வளி தாராளமாகக் கிடைக்கும்போதும் அவை அதில் பெரும்பகுதியை முழுவதும் எரிக்காமல், பாதி வழியிலேயே லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளின. பாலைத் தயிராகப் புளிக்க வைப்பதும் அதே அமிலந்தான். முழுவதும் எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.டி.பி. கிடைக்கும், இந்த அரைகுறை வழியில் கிடைப்பது 2 தான். ஊதாரித்தனம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விரைந்து பெருகும் அணுவுக்கு ஆற்றல் மட்டும் போதாது. புதிய அணுவைக் கட்டச் சரக்கும் வேண்டும். குளுக்கோஸ் சிதையும் பாதையின் கிளைகளிலிருந்து அச்சரக்கில் ஒரு பகுதி வருகிறது.

அப்பாதையின் வாயிற்காவலன் ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி. உள்ளே வரும் குளுக்கோஸின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, அது திரும்பி வெளியேறாதபடி செய்வது அதன் வேலை. இந்நொதியின் இரண்டாம் வகையை உண்டாக்கும் ஜீனுக்கு எச்.கே.2 என்று பெயர். கருவிலும், வளர்ந்தபின் தசை, கொழுப்பு போன்ற சில இடங்களிலும் மட்டுமே மிகுந்து இயங்கும் இந்த ஜீன், பலவகைப் புற்றுநோய்களில் மீண்டும் விழித்துக் கொள்கிறது. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்த ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். நுரையீரல், மார்புப் புற்றுகளின் வளர்ச்சி தடைப்பட்டது. எலிகளுக்கு வேறு தீங்கு நேரவில்லை.

மருத்துவமனையில் எடுக்கும் ‘பெட்’ படமும் இந்நொதியின் தயவே. கதிரியக்க ஃப்ளூரின் சேர்ந்த, குளுக்கோஸை ஒத்த ஒரு பொருளை ஊசிமூலம் செலுத்துகிறார்கள். நொதி அதையும் பிடித்து வைக்கிறது. புற்று இருக்கும் இடம் படத்தில் ஒளிர்கிறது. “பார்த்தீர்களா, புற்று சர்க்கரை தின்கிறது!” என்பார்கள். அதே படத்தில் நம் மூளையும் ஒளிர்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

தவறு எங்கே இருக்கிறது? நாம் தின்னும் சர்க்கரையும் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸும் ஒன்றென்று நினைப்பதில்தான். சோற்றை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் வற்றிவிடாது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். அது தீர்ந்தால் தசையின் புரதத்தை உடைத்துக்கூடக் குளுக்கோஸ் செய்யும். புற்றணுவோ குளுக்கோஸை மட்டும் நம்பி இருப்பதுமில்லை. குளுட்டமைன் போன்ற பொருள்களையும் அது உண்ணும். ஆகவே பட்டினி கிடப்பது புற்று அன்று, நோயாளியின் உடல். எடை குறைந்து நலிந்தவர் மருந்தின் கடுமையை எப்படித் தாங்குவார்? நொதியைத் தடுப்பது வேறு. உணவைத் தடுப்பது வேறு.

நான் சர்க்கரைக்கு வக்காலத்து வாங்கவில்லை. உடற்பருமன் பலவகைப் புற்றுநோய்களுக்கு இடம் கொடுக்கும் என்பது மெய். நீரிழிவு உள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவில்தான் நிற்கவேண்டும். பாதி உண்மையை முழு உண்மையாக்குவதையே மறுக்கிறேன். 1931-இல் நோபல் பரிசு பெற்ற வார்பர்க்கே, அணுவின் சுவாசம் கெடுவதுதான் புற்றுநோயின் மூலம் என்று கடைசிவரை சாதித்தார். ஆனால் பெரும்பாலான புற்றணுக்களில் சுவாசம் நடக்கிறது என்று பின்வந்தோர் காட்டினர். பேரறிஞருக்கே இப்படியென்றால், நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

நண்பர்களே, குளுக்கோஸ் சிதையும் 10 படிகளையும் தேர்வுக்காக ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறோம். ஊரிலிருந்து சித்தி தொலைபேசியில், “சித்தப்பாவுக்குக் கஞ்சியில் வெல்லம் போடலாமா, தம்பி?” என்று கேட்டால் தடுமாறுகிறோம். என்ன கொடுக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர்தாம் சொல்லவேண்டும். ஆனால் பட்டினி ஏன் மருந்தாகாது என்பதை நாம் சொல்லலாமே! பாதி உண்மை நல்ல தமிழில் ஊர் சுற்றுகிறது. மறுபாதி ஆங்கிலப் புத்தகத்திலேயே உறங்குகிறது. இது யார் குறை?

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது, நடத்தட்டும். அத்துடன் மாதம் ஒரு மாலை, நம்மில் ஒருவர் தாம் படிக்கும் துறையில் ஒரு பொருளைத் தமிழில், வீட்டார்க்கு விளங்கும்படி பேசட்டும். முதல் கூட்டத்திற்கு ஹெக்ஸோகைனேஸைப்பற்றிப் பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்தவர் யார்?