4 நாள் லீவில் சிம்லாவும் வேணும், மணாலியும் வேணுமா?

மார்கழி பிறந்தால் போதும். டிராவல்ஸ் கடை வாசலில் கலர் கலராக போர்டு தொங்க ஆரம்பித்து விடும்.

"டெல்லி - சிம்லா - மணாலி. 4 நாள், 3 இரவு. பனிமழை நிச்சயம்!"

மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு போகிற குமாஸ்தா கண்ணிலும் அது படுகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மளிகைக்கடை அண்ணாச்சி கண்ணிலும் படுகிறது. பனிக்கட்டியை பிரிட்ஜில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் வேறு வீட்டில் நச்சரிக்கின்றன.

ஆசை தப்பா? தப்பே இல்லை. 11 மாதம் வேர்வையில் குளிக்கிறவனுக்கு 4 நாள் குளிரில் நடுங்க முழு உரிமை உண்டு.

ஆனால் அந்த போர்டில் இருக்கிற கணக்கு தப்பு. சுத்தமாக தப்பு!

கார் சீட்டிலேயே உல்லாசம்!

டெல்லியில் இருந்து சிம்லா சுமார் 350 கிலோ மீட்டர். சிம்லாவில் இருந்து மணாலி 250 கிலோ மீட்டர். மலைப்பாதை, 7 மணி, 8 மணி நேரம் ஆகும். மணாலியில் இருந்து டெல்லிக்கு திரும்ப 500 கிலோ மீட்டருக்கு மேல். ராத்திரி பஸ்சில் ஏறினால் 12 மணி நேரத்துக்கு குறையாது.

கூட்டிப் பாருங்கள். 4 நாளில் பாதி, வண்டிக்குள்ளே போய்விடும். பிள்ளைகள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும். சிம்லாவில் இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் "சார், டைம் ஆச்சு" என்று டிரைவர் ஹாரன் அடிப்பார்.

இதற்கு பேர் உல்லாசப் பயணமாம்! ஒரே ஊருக்கு போங்கள். அங்கேயே இருங்கள். இதுதான் என் கட்சி.

பனிமழைக்கு யார் கியாரண்டி?

"பனிமழை நிச்சயம்" என்று எழுதுகிறார்களே, அது இன்னும் பெரிய வேடிக்கை.

இமயமலையில் குளிர்காலப் பனி எப்படி விழுகிறது தெரியுமா? மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றுச் சுழற்சிகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து மலையில் மோதுகின்றன. அவை வந்தால் பனி. வராவிட்டால் வெறும் குளிர்தான். டிராவல்ஸ்காரர் சொன்னால் வந்துவிடுமா அது?

காஷ்மீரில் குல்மார்க் தெரியும் அல்லவா? பனிச்சறுக்குக்கே பேர் போன இடம். 2024 ஜனவரி முதல் பாதியில் அங்கேயே தரை காய்ந்து கிடந்தது. டிக்கெட் போட்டு போனவர்கள் பழுப்புப் புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அதே வருஷக் கடைசியில் வேறு கதை. 2024 டிசம்பர் 23-ந் தேதி மணாலிக்கு மேலே திடீரென்று பனி கொட்டியது. சோலங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவில் சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. போலீசார் ராத்திரியில் ஆட்களை மீட்டார்கள்.

9 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்த சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தது. அதில் இருந்து கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பக்கம் கூட்டமோ கூட்டம். "ரோதங் கணவாய் காட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சுமார் 13 ஆயிரம் அடி உயரம். குளிர்காலத்தில் பனி மூடிப் பூட்டிக் கிடக்கும்.

சிம்லாவிலும் கிறிஸ்துமசுக்கு பனி விழுவது அபூர்வம். ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி நடு வரைதான் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அப்போதும் வாய்ப்புதான், கியாரண்டி இல்லை.

மூடுபனி என்ற வில்லன்

மலையில் பனி இல்லாமல் போகலாம். ஆனால் டெல்லியில் மூடுபனி கட்டாயம் காத்திருக்கும். டிசம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடு வரை 10 அடி தூரத்தில் நிற்கிற ஆள் தெரியாது. ரெயில் ஊர்ந்து வரும். 4 மணி நேரம், 6 மணி நேரம் லேட் என்பது அங்கே செய்தியே அல்ல. விடியற்காலை விமானங்கள் ரத்தாகும்.

"தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் டெல்லி போய்விடும், ஒரு மணி நேரத்தில் கல்கா ரெயிலை பிடித்து விடலாம்" என்று டைம்டேபிளைப் பார்த்து திட்டம் போடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை மூடுபனி தின்றுவிடும்.

சரி, எப்படித்தான் போவது?

லீவு 5 நாள் கிடைத்தால் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் ரெயில் ஏறுங்கள். ஞாயிறு காலை டெல்லி. லேட் ஆனாலும் கவலை இல்லை, பகல் முழுக்க கையில் இருக்கிறது. அன்று ராத்திரி கல்காவுக்கு ரெயில். திங்கள் காலை மலை ரெயில்.

இந்த மலை ரெயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1903-ல் போட்ட பாதை. 96 கிலோ மீட்டர், நூற்றுக்கு மேல் சுரங்கங்கள். 5 மணி நேரம் ஆடி ஆடி ஏறும். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம்ம ஊட்டி ரெயில் அதற்கு 3 வருஷம் முன்பே சேர்ந்துவிட்டது என்பதை அங்கே பக்கத்து சீட்காரரிடம் சொல்லி வையுங்கள்!

திங்கள், செவ்வாய் ராத்திரி சிம்லா. புதன் சாயங்காலம் இறங்கினால் வியாழன் காலை டெல்லி. அன்று ராத்திரி ரெயில் ஏறினால் சனிக்கிழமை விடியற்காலை சென்னை. மூடுபனியில் லேட் ஆனாலும் ஞாயிறு ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீசில் கையெழுத்து போட்டுவிடலாம்.

கடையை 8 நாள் பூட்ட முடியாது என்கிற அண்ணாச்சிகளுக்கு விமானம்தான். சண்டிகர் போய், அங்கிருந்து டாக்சியில் 4 மணி நேரம். ஆனால் பகல் நேர விமானமாகப் பாருங்கள். ஒரே ஊர் என்றால் 4 நாளிலும் இது நடக்கும்.

ஊட்டி குளிர் வேறு, சிம்லா குளிர் வேறு

ஊட்டியும் சிம்லாவும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் 7 ஆயிரம் அடிக்கு மேல். அதனால் "ஊட்டி குளிரையே பார்த்தாச்சு" என்று ஒரு சால்வையோடு கிளம்புகிறவர்கள் உண்டு. சிம்லா வடக்கே ரொம்ப தூரம் தள்ளி இருக்கிறது சாமி! ஜனவரி ராத்திரியில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும்.

ஒரு தடித்த கோட்டு வாங்குவதை விட மெல்லிய உடுப்பு மூன்றாக போட்டுக்கொள்வது மேல். பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் உடம்பு சில்லிட்டுப் போகும். தெர்மல் உடுப்பு, கம்பளி, அதற்கு மேல் காற்றுத் தடுப்பு ஜாக்கெட். பனி பார்க்கும் இடங்களில் கோட்டும் பூட்சும் வாடகைக்கே கிடைக்கும்.

ரூம் போடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். ரூம் ஹீட்டர் உண்டா, அதற்கு தனிக் காசா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று. வாடகை குறைவாக சொல்லிவிட்டு ஹீட்டருக்கு தினம் தனியாக கறக்கிற இடங்கள் உண்டு.

ஹீட்டர் இல்லை என்று யாராவது கரி அடுப்பு கொண்டு வந்து வைத்தால் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வடக்கே குளிர்காலத்தில் குடும்பத்தோடு செத்துக் கிடந்தார்கள் என்று செய்தி வருகிறதே, பல தடவை காரணம் இதுதான். ஒரு ராத்திரி கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

அப்பா, அம்மாவை கூட்டிப்போகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு கிளம்புங்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை உறைய விடக்கூடாது, சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். சிம்லா மால் ரோட்டில் சுற்றுலா வண்டி போகாது, ஏற்றம் வேறு. கீழே கார்ட் ரோட்டில் இருந்து லிப்ட் இருக்கிறது, அதில் ஏற்றிவிடுங்கள். இறுகிப்போன பனியில் செருப்போடு நடந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் லீவு 5 நாளில் முடியாது.

இட்லி கிடைக்காதே என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், மால் ரோட்டு இந்தியன் காபி ஹவுசில் தோசை கிடைக்கும். நம்ம வீட்டு தோசை மாதிரி இருக்காது. அந்தக் குளிரில் அது தெரியவும் தெரியாது.

எப்போது கிளம்பலாம்?

அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ் கூட்டம், எகிறிய வாடகை, பனி சந்தேகம். எனக்கு கேட்டால் பொங்கல்தான். மாட்டுப்பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினால் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் சில நாள்தான் போகும். மாமியார் முகம் கோணாது. ஹோட்டல்காரரும் பேரத்துக்கு வருவார். குடியரசு தின வாரத்தை மட்டும் தள்ளிவிடுங்கள், டெல்லியில் கெடுபிடி அதிகம்.

ரெயில் முன்பதிவு முன்பு மாதிரி 120 நாள் அல்ல. 2024 நவம்பரில் இருந்து 60 நாள்தான். ஜனவரி நடுவில் போக வேண்டும் என்றால் நவம்பர் நடுவில், காலை 8 மணிக்கு கவுண்டரிலோ செல்போனிலோ தயாராக உட்கார வேண்டும். திரும்பி வர டிக்கெட்டுக்கு தனியாக இன்னொரு நாள் இதே கூத்து. கல்கா மலை ரெயிலுக்கும் சேர்த்தே பாருங்கள், குட்டி ரெயில், சீட் கம்மி.