பரிசாகும் துணியும் பதிவேட்டில் இல்லாத பெயரும்

சித்தையன்கோட்டையில் அண்மையில் நடைபெற்ற விவசாய அங்கத்தினர் கூட்டமொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பயிர்க் கடன், உர வரத்து, தேங்காய் விலை ஆகிய வழக்கமான விஷயங்கள் பேசி முடிந்தபின், தம் மகளின் கலியாணத்திற்கு ஜவுளி எடுக்கவிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "கைத்தறிச் சேலை எடுங்கள், நெசவாளிப் பெண்களுக்கு உதவியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லுகிறீர்கள். நான் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு என்ன போகிறது என்று சொல்ல முடியுமா, சார்?" என்று கேட்டார். அவருக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பெரிதும் வெட்கத்தைத் தந்தது. அக்கேள்வியை ஒட்டி எழுந்த சிந்தனைகளையே இங்கு அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

துணியைப் போல நம் மக்கள் மனமுவந்து வழங்கும் பரிசு வேறொன்று இல்லை. பிறந்த குழந்தைக்குத் தாய்மாமன் துணி எடுக்கிறான். மணப்பெண்ணுக்கு முகூர்த்தச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, தலைத் தீபாவளிக்கு வரிசை, பொங்கலுக்கு உடன்பிறந்தாளுக்குச் சீர், ரம்ஜான் பெருநாளில் ஏழை உறவினருக்குப் புத்தாடை, இறுதியில் உயிர் பிரிந்த உடலுக்குக் கோடித் துணி என்று, பிறப்பு முதல் இறப்பு வரை நம் உறவு முறைகள் யாவும் துணியைக் கொண்டே பேணப்படுகின்றன. அரசாங்கமும் 1983ஆம் ஆண்டு முதல் பொங்கலையொட்டி ஏழை எளியோருக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. ஆகவே, பரிசுத் துணி என்பது நெசவுத் தொழிலுக்கு ஓரமாக நிற்கும் சிறு வியாபாரமன்று. அதன் உயிர்நாடியே அதுதான். அவ்வாறிருக்க, அப்பரிசின் பயன் யாரைச் சென்றடைகிறது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

தறியில் அமர்ந்து ஓடத்தை ஓட்டுபவரையே நாம் நெசவாளர் என்கிறோம். ஆனால் அவர் ஒருவரால் ஒரு முழத் துணியும் ஆகாது. கழியாக வந்த நூலைப் பிரித்துச் சுற்றுதல், ஊடைக்குத் தார் சுற்றுதல், பாவுக்குக் கஞ்சி போடுகையில் உடன் நிற்றல், பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தல் ஆகிய வேலைகள் முடிந்த பின்னரே தறி ஓசை எழும்பும். நம் பக்கத்தில் இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் வீட்டுப் பெண்களே. அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளைப் பேணும் வேலைக்கும் இடையில் செய்வதால் அதை வேலை என்று அவர்களே சொல்லுவதில்லை. 2019-20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளனர் என்றும், அவர்களில் 72 சதவிகிதத்தினர் பெண்கள் என்றும் கூறுகிறது. அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் அமர்வதால் இவ்விகிதம் உயர்ந்து காண்கிறது என்பது உண்மையே. ஆயினும், கைத்தறி என்பது பெண்களின் உழைப்பின்மேல் நிற்கும் தொழில் என்பதை மறுப்பார் எவருமிலர்.

நிற்க. இத்தனை உழைப்பும் சங்கத்தின் பதிவேட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இதற்கு விடையாக நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை நாம் பார்த்தோம்; ஊரும் பெயரும் இங்கு வேண்டியதில்லை. அங்கத்தினர் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே "காலமானார், தறி ஓடவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் நூல் வழங்குவதும் நிறுத்தப்பட்டிருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தமையால் நாமும் சரி பார்த்துக் கையெழுத்திட்டோம். பிற்பகல் தறிகளை நேரில் காணத் தெருவில் நடந்தபோது, ஓடவில்லை என்று எழுதப்பட்ட அந்த வீட்டிலிருந்து தறி ஓசை கேட்டது. உள்ளே அந்த அங்கத்தினரின் மனைவி நெய்துகொண்டிருந்தார். கணவர் நோயுற்றிருந்த காலம் முழுவதும் சங்கத்துச் சேலைகளை நெய்தவர் அவரே. சங்கம் நூல் தராமையால் தனியார் முதலாளியிடம் நூல் வாங்கிக் குறைந்த கூலிக்கு நெய்யலானார். "என் பேரில் கணக்கு இல்லை என்றார்கள், சார், சரி என்று வந்துவிட்டேன்" என்று அவர் சொன்னதில் குறையொன்றும் தொனிக்கவில்லை. நாம் சரி பார்த்த கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது உண்மையுமன்று.

கூலியிலிருந்து பிடித்துச் சேர்க்கும் சேமிப்பு, முதுமைக்கால ஓய்வூதியம், சங்கத்தின் லாபத்தில் பங்கு, பொதுக்குழுவில் வாக்கு ஆகிய யாவும் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே உரியவை. பெயர் இல்லாதவருக்குக் கிடைப்பது வீட்டார் கையில் கொடுப்பது மட்டுமே. கைத்தறிச் சேலையைப் பரிசளிப்பவர் பெண்ணுக்கு உதவியதாக எண்ணி மகிழ்கிறார். அந்தப் பெண்ணோ கணக்கில் எங்கும் காணப்படுவதில்லை.

இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் நம் ஆத்தூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை அறியாதார் இலர். மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைத்திறனாக வளர்ந்த சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது. உண்மைச் சுங்குடியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. துணியை விரல் நுனியால் சிறிது கிள்ளி எடுத்து, நூலை இறுகச் சுற்றி முடிந்து, சாயத்தில் தோய்த்து உலர்த்திப் பின் அவிழ்த்தால், நூல் கட்டிய இடத்தில் சாயம் பற்றாது புள்ளி விழும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டும். அவற்றை இடுபவர்கள் வீட்டிலிருக்கும் பெண்கள். ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் விற்பனவற்றுள் மிகப் பல முடிச்சே காணாதவை. மெழுகாலும் அச்சாலும் புள்ளி இடப்பட்டவை. அச்சுத் தொழிலும் நேர்மையான தொழிலே. அதைச் செய்பவரும் உழைப்பாளிகளே. அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று சொல்லி விற்பதில் தவறில்லை. ஆனால் முடிச்சின் பெயரால் அச்சை விற்கும்போது, வாங்குபவர் ஒருமுறை ஏமாறுகிறார். முடிச்சிடும் பெண்ணோ வேலையையும் இழந்து, தன் திறமைக்குரிய பெயரையும் இழக்கிறாள்.

மேல்நாடுகளில் "நியாய வணிகம்" என்று வழங்கும் இயக்கமும் இத்தகைய பெண்களின் கைவேலையிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்னும் அம்மையார் 1946ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்று, அங்குப் பூத்தையல் போடும் பெண்களின் வறுமையைக் கண்டார். அவர்களுடைய துணிகளை வாங்கிவந்து தம் காரில் வைத்து அண்டை அயலாருக்கு விற்றுப் பணத்தை அவர்களுக்கே அனுப்பினார். அவ்வாறு தோன்றிய முயற்சிகள் பெருகி, 1989ஆம் ஆண்டில் உலகளாவிய ஓர் அமைப்பாயின. அவ்வமைப்பு வகுத்த பத்து நெறிகளுள் ஒன்று நம் கவனத்திற்கு உரியது. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் தருபவர், செய்பவர் கேட்டால், விலையில் பாதியையாவது வட்டியின்றி முன்பணமாகத் தரவேண்டும் என்பதே அது. விதைக்கும் முன்னே கடன் பெறாமல் விவசாயம் செய்ய இயலாது என்பதை அறிந்த நம் அங்கத்தினருக்கு இந்நெறியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் இவை நமக்குப் புதியனவும் அல்ல. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடி, சரியான எடையும் கலப்படமற்ற சரக்கும் தருவோம் என்று கடை திறந்தபோது நியாய வணிகத்திற்கு வித்திட்டாயிற்று. மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையைச் சட்டம் மறுத்திருந்த அக்காலத்திலேயே, 1846ஆம் ஆண்டில் எலிசா பிரையர்லி என்னும் பெண்மணியைத் தம் பெயரிலேயே அங்கத்தினராக அச்சங்கம் ஏற்றது. நம் நாட்டில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935ஆம் ஆண்டில் தோன்றியது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947ஆம் ஆண்டில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். இத்தகைய முன்னோடிகளை உடைய நாம், ஒரு விவசாயியின் கேள்விக்கு விடை கூற முடியாமல் நிற்பது தகுமா?

எனவே நம் சங்கங்கள் செய்யத்தக்கன என நமக்குத் தோன்றும் நான்கு காரியங்களைக் கூறுகிறோம்.

முதலாவது, தார் சுற்றும் பெண்ணையும் முடிச்சிடும் பெண்ணையும் அவரவர் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்த்தல். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பெண் என்பதற்காக எவரையும் விலக்கவில்லை. தறிக்கு ஒருவர்தான் என்று சங்கத்தின் துணைவிதி தடுக்குமாயின், அதைத் திருத்தப் பொதுக்குழு முன்வர வேண்டும். துணைக் கூலியைத் தனியே கணக்கிட்டு, அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும்.

இரண்டாவது, பரிசுக்கென விற்கும் துணியில் ஒரு சீட்டு இணைத்தல். நூலுக்கு எவ்வளவு, சாயத்திற்கு எவ்வளவு, நெசவுக் கூலி எவ்வளவு, துணை வேலைக் கூலி எவ்வளவு, சங்கத்தின் செலவு எவ்வளவு என்று ஐந்து வரிகள் போதும். 2006ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்பதை அறிவிக்கிறது. கூலி யாருக்குச் சென்றது என்பதை இச்சீட்டு அறிவிக்கும்.

மூன்றாவது, முன்பண ஏற்பாடு. தீபாவளித் தள்ளுபடியை எதிர்பார்த்தே கைத்தறி வாங்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தள்ளுபடி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் விற்பனை ஒரு பருவத்தில் மட்டும் குவிந்தால் மற்ற மாதங்களில் துணி தேங்கும். துணி தேங்கினால் கூலியும் தேங்கும். கலியாணமோ பல மாதங்களுக்கு முன்பே நிச்சயமாகிறது. விவசாயிகள் சங்கம் தன் அங்கத்தினரின் ஜவுளித் தேவையைத் திரட்டி, பாதிப் பணத்தை முன்கூட்டியே நெசவாளர் சங்கத்தில் கட்டுமானால், ஆடி மாதத்திலும் தறி ஓயாது.

நான்காவது, நம் வீட்டிலேயே தொடங்க வேண்டியது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். அம்மேடைகளில் பிரமுகர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகள் எத்தன்மையன? பெரும்பாலும் செயற்கை இழையில் மில்லில் செய்த பளபளப்புத் துணிகள். மேடையை விட்டு இறங்கியபின் அவற்றை எவரும் உடுப்பதில்லை. கைத்தறியின் பெருமையைப் பேசும் மேடையில் கைத்தறித் துண்டுக்கு இடமில்லை என்பது வேடிக்கையன்று, வேதனை.

கைத்தறிக்கு விலை அதிகம், விவசாயி எங்கே போவான் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறிக்குக் கிடைக்கும் விலைக்கும், அதே காய் நகரத்துக் கடையில் விற்கும் விலைக்கும் உள்ள தூரத்தை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள். விளைவித்தவனுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அவர்கள் மனம் புழுங்குவது போலவே முடிச்சிடும் பெண்ணின் மனமும் புழுங்கும். ஜவுளி முழுவதையும் கைத்தறியில் எடுக்க வசதியில்லாதவர், ஒரு முகூர்த்தச் சேலையையோ நான்கு துண்டுகளையோ எடுக்கட்டும். எடுப்பது குறைவாயினும் உண்மையானதாக இருக்கட்டும். அதையும் இரக்கத்தால் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது தானமன்று. செய்த வேலைக்கு விலையும், விலைக்கு ஒரு கணக்கும், கணக்கில் தம் பெயருமே.

சித்தையன்கோட்டைப் பெரியவரின் கேள்விக்கு இன்றும் நம்மிடம் முழு விடை இல்லை. ஆயினும் விடை எங்கே எழுதப்பட வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. இனி நாம் பார்க்கச் செல்லும் ஒவ்வொரு நெசவாளர் சங்கத்திலும், கையெழுத்திடுவதற்கு முன், தறி ஓடும் வீட்டுப் பெண்களின் பெயர் எங்கே என்று கேட்பதாக உறுதி கொண்டுள்ளோம். ஜவுளி எடுக்கச் செல்லும் அங்கத்தினர்களும் அதே கேள்வியைக் கடையில் கேட்பார்களாக. கேட்பவர் பெருகினால் பதில் சொல்லும் பொறுப்பைச் சங்கங்கள் தட்டிக்கழிக்க இயலாது.