"புள்ளைய வளர்க்கத் தெரியல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி...

பஸ்ஸில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கிட்டு அலறுது. அம்மா தவிக்கிறாங்க. பின் சீட்டிலிருந்து ஒரு அட்வைஸ்: "ரெண்டு போட்டா சரியாயிடும்மா." ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோட பெற்றோர் கேட்டுக் கேட்டு மரத்துப்போன வசனம் இது.

அடிச்சா ஹாரன் சத்தம் குறையுமா? பேச்சு வராத பிள்ளை "என்னால தாங்க முடியல"ன்னு சொல்ற வழிதான் அந்த அலறல்.

இது புரிஞ்சா மட்டும் போதாது, கையாளவும் தெரியணும். அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரை உள்ள 180 ஆட்டிசக் குழந்தைகளோட குடும்பங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு 24 வாரம் ஆய்வு பண்ணி, 2015-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒரு குழுவுக்கு ஆட்டிசம் பற்றிய தகவல் மட்டும். இன்னொரு குழுவுக்கு நடத்தையைக் கையாளும் பயிற்சி. யார் எந்தக் குழுன்னு தெரியாத நிபுணர்கள் மதிப்பிட்டதில், பயிற்சிக் குழுவில் சுமார் 69% குழந்தைகளிடம் நல்ல முன்னேற்றம். மற்ற குழுவில் சுமார் 40%தான்.

அப்படி என்ன பயிற்சி? நம்ம ஐ.டி. பசங்க பாஷையில் சொன்னா, லாக் பார்க்கிறது. அலறலுக்கு முன்னாடி என்ன நடந்தது, பிள்ளை என்ன செஞ்சது, உடனே நாம என்ன செஞ்சோம், மூணையும் எழுதி வைக்கணும். கொஞ்ச நாளில் காரணம் பிடிபடும். போனை வாங்கினா பிள்ளை அடிக்குது. அழுகை நிக்கட்டும்னு திருப்பிக் கொடுக்கிறோம். அடிச்சா போன் கிடைக்கும்னு கத்துக்கொடுத்தது யாரு? அதுக்குப் பதிலா, "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு படம் காட்டி முன்கூட்டியே சொல்லலாம். வேணும்னா படத்தைத் தொட்டுக் கேட்கப் பழக்கலாம். அப்படிக் கேட்டா உடனே பாராட்டணும். தாத்தா பாட்டியும் இதையே செய்யணும். நம்ம வீடுகளில் அதுதான் பெரிய சவால்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கு. ஆரம்பநிலையிலேயே உதவ டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட மையங்களும் இருக்கு. ஆனா தெரபிஸ்ட் பிள்ளையோட இருக்கிறது ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அம்மா அப்பாதான். அதனால அங்கே பெற்றோர் பயிற்சியும் கட்டாயம் ஆகணும். தமிழில், இலவசமா, ஞாயிற்றுக்கிழமையிலும். கூலி வேலைக்குப் போறவங்களுக்கு அன்றைய சம்பளத்தையும் பஸ் காசையும் அரசே கொடுக்கணும். ஒருநாள் கூலியை விட்டுட்டு யார் வருவாங்க?

உங்க வார்டில் இப்படி ஒரு குடும்பம் இருந்தா, டி.இ.ஐ.சி. எந்த ஆஸ்பத்திரியில் இருக்குன்னு விசாரிச்சு சொல்லுங்க. யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிச்சுக் கொடுங்க. லேப்டாப் நம்மகிட்டதானே இருக்கு!