பாட்டுக்கு எதற்கு ரேங்க் கார்டு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பர் வந்தால் போதும், என் பேரன் போனில் 'இந்த வருடத்தின் சிறந்த 50 இண்டி ராக் ஆல்பங்கள்' வந்துவிடும். அவன் முதல் பத்தைத்தான் கேட்பான். "மீதி நாற்பது?" என்றால், "அதெல்லாம் கீழே இருக்கு தாத்தா" என்கிறான். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை இதழ் ஆல்பங்களுக்கு 0.0 முதல் 10.0 வரை மார்க் போடுகிறது. தசமப் புள்ளியோடு! முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்தியவன் சொல்கிறேன்: காலையில் ஆறு மார்க் போட்ட கட்டுரைக்குச் சாயங்காலம் ஏழு போடத் தோன்றும். 7.8-க்கும் 7.9-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் காது எந்த மனிதருக்கு இருக்கிறது?

லிஸ் ஃபேர் என்ற பாடகியின் 2003 ஆல்பத்துக்கு அவர்கள் போட்டது 0.0. முட்டை! 2021-இல் அதே இதழ் மறுமதிப்பீடு செய்து 6.0 கொடுத்தது. இன்டர்போல் குழுவின் 2002 ஆல்பம் 9.5-லிருந்து 7.0-க்கு இறங்கியது. ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை, திருத்தியவர்களின் மனசுதான் மாறியது. தவறை ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் பதினெட்டு வருடம் கழித்து வந்த மார்க் யாருக்குப் பயன்? அன்று முட்டையைப் பார்த்து ஆல்பத்தை வாங்காமல் போனவர் இன்று திரும்பி வருவாரா?

வருடக் கணக்கும் அப்படித்தான். பான் ஐவரின் முதல் ஆல்பத்தை ஜஸ்டின் வெர்னன் 2007-இல் தானே வெளியிட்டார். 2008-இல் ஒரு நிறுவனம் வெளியிட்ட பிறகுதான் பரவலாகக் கேட்டார்கள். அதை எந்த வருடப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

"பட்டியல் இல்லாவிட்டால் புதுப் பாட்டை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டியல் போடட்டும், அகர வரிசையில் போடட்டும். எதனால் பிடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதட்டும். எண் போட்டால் அந்த நாலு வரியை யாரும் படிப்பதில்லை. சிவப்பு மையில் நான் எழுதிய குறிப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்த்த கதைதான்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நம் அரசு 2017-இல் நிறுத்தியது. யார் குடியும் முழுகிப் போகவில்லை.

நானும் ரேங்க் கார்டு எழுதியவன்தான். கடைசி ரேங்க் வாங்கிய பையன் அதை வாங்கிக்கொண்டு போன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த முறை பட்டியல் வந்தால் ஐம்பதிலிருந்து மேலே கேட்டுக்கொண்டு வாருங்கள். எது பிடித்தது என்று கீழே எழுதுங்கள். மார்க் வேண்டாம், காரணம் போதும்.