சுடாமல் இறங்குகிறவர்கள்

கொலராடோவின் ராக்கி மலைகளில், மரங்களே வளராத 11,000 அடிக்கும் மேலான சரிவுகளில், செப்டம்பரில் மியூல் மான் வேட்டைக்கு ஏறுகிறவர்கள் பலர் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். குலுக்கலில் அனுமதி கிடைக்கவே சிலருக்கு ஆண்டுக்கணக்காகும். விடியலில் தொலைநோக்கியில் ஓர் ஆண் மானைக் கண்டு, புதர் மறைவில் மணிக்கணக்காக ஊர்ந்து நெருங்கும் நேரத்தில் காற்று திரும்பிவிடும். வெயில் ஏற ஏறச் சரிவுக் காற்று மேலே எழும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்து கீழே இறங்கும். இடையில் ஒரு மேகம் மறைத்தாலும் கணக்கு மாறும். பிடரியில் சில்லென்று பட்டால் தீர்ந்தது: மான் தலை தூக்கும், மூக்கு விடைக்கும், நான்கு கால்களும் ஒருசேரத் தரையை உதைக்கத் துள்ளித் துள்ளி முகட்டைத் தாண்டும்.

தாண்டுமுன் அது ஒருகணம் நின்று திரும்பிப் பார்ப்பதுண்டு. அப்போது சுடலாம்தான். தூரமளக்கும் கருவி 600 கஜம் என்று காட்டும், துப்பாக்கியும் எட்டும். ஆனால் தோட்டா போய்ச் சேர அரை நொடிக்கு மேலாகும். அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். காயத்தோடு ஓடி, எங்கோ பாறையிடுக்கில் கிடந்து துடித்துச் சாகும். இதை எண்ணித் துப்பாக்கியைத் தாழ்த்துகிறவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெடுந்தூரச் சூட்டைச் சாகசமாகக் காட்டும் காணொளிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. குறி தவறிய சூடுகளை அவற்றில் யாரும் காட்டுவதில்லை.