பெட்டி எதற்கு? பலகை போதும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் பழைய ரேடியோ தூங்குகிறது. ரேடியோ செத்திருக்கும், உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிக்கு உயிர் இருக்கும்! அதைக் காயலான் கடையில் போடுவது வீண்.

ஒரு மரப்பலகை போதும். அதில் வட்டமாகத் துளை போட்டு ஒலிபெருக்கியைத் திருகாணியால் இறுக்க வேண்டியதுதான். தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இது அரை நாள் வேலை.

பலகை எதற்கு? ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் இழுக்கிறது. பலகை இல்லாவிட்டால் பின்பக்க ஓசை ஓரமாகச் சுற்றி வந்து முன்பக்க ஓசையை விழுங்கிவிடும். தவில் ஓசை காணாமல் போகும், கீச்சுக்குரல்தான் மிஞ்சும்! 1925-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸ், கெல்லாக் இருவரும் கூம்பு ஒலிபெருக்கியை அறிவித்தபோதே இப்படி மறைப்பு வைத்தார்கள்.

பலகை அகலமானால் கனத்த ஓசை கூடும். ஆனால் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 100 முறை அதிரும் ஓசையின் அலை நீளம் 3.4 மீட்டர்! ஒரு மீட்டர் பலகை அதை முழுதும் தடுக்காது. வீடு அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்க இது நல்லது. இரண்டு மூன்று ஒலிபெருக்கிகளை அடுக்கினால்தான் உயர்ந்தது என்பது வியாபாரப் பேச்சு. குரலையும் வயலினையும் ஒரே கூம்பு பாடும்.

சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. இரண்டு மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வால்வு ரேடியோவைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஒலிபெருக்கியைக் கழற்றுவது ரேடியோ மெக்கானிக் வேலை; பலகை அறுப்பதுதான் வீட்டு வேலை!